சின்ன காருக்கு கோல்ட் ஏர் இன்டேக்: ஃபில்டரை எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது

எஞ்சினுக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக் கொடுக்கும் கோல்ட் ஏர் இன்டேக் வேண்டும் என்று பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எந்தக் கடையில் கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பெட்டியைத்தான் எடுத்து வைப்பார்கள். வளைந்த அலுமினியக் குழாய், கூம்பு ஃபில்டர், சிலிக்கான் கப்ளர் ஒன்றிரண்டு, நாலைந்து கிளாம்ப். “பிக்கப் பிச்சுக்கும் சார்” என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் அப்படியெல்லாம் எதுவும் பிய்த்துக்கொள்ளாது. சத்தம் மாறும், ரெவ் ஏறும்போது ஒரு உறுமல் கேட்கும், எஞ்சின் கொஞ்சம் தாராளமாக மூச்சு விடுவதுபோல இருக்கும். இதுக்கு மேல் எதிர்பார்க்காமல் வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதே கொள்ளளவில் ஆக்ஸிஜன் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான் இதன் சூத்திரம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்று ஏற்கெனவே மெலிந்ததுதான், சென்னையில் ஓட்டிய அதே கார் இங்கே வந்ததும் மேம்பாலம் ஏறும்போது கொஞ்சம் சோம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் இருக்கிற காற்றையும் சுட வைத்துக் கொடுக்காமல் இருப்பதுதான் இங்கே விஷயம்.

கம்பெனி கொடுத்த கறுப்பு ஏர்பாக்ஸை, அதாவது காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டியை, திறந்து பாருங்கள், அதன் மூக்கு பெரும்பாலும் முன்பக்க கிரில்லை நோக்கித்தான் நீண்டிருக்கும், அதாவது அது வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு கூம்பை மொட்டையாக நிறுத்தினால், சில்க் போர்டு சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது ரேடியேட்டரைத் தாண்டி வரும் அனல் காற்றுதான் உள்ளே போகும். காசு கொடுத்து வெந்நீர்க் குளியல் வாங்கிய கதை. பாதிப் பேர் மாட்டுவது இப்படித்தான்.

சரி, வேறு எங்கே வைப்பது? ஒரு வழி, குழாயைக் கீழே இறக்கி பம்பருக்குப் பின்னால், ஃபெண்டருக்குள் (முன்சக்கரத்தை மூடும் பக்கத் தகட்டுக்குள்) ஃபில்டரை உட்கார வைப்பது. காற்று நிஜமாகவே குளிர்ச்சியாகக் கிடைக்கும், ஆனால் தண்ணீரும் கிடைக்கும். 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் கார்கள் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபில்டர் மூழ்கிவிட்டால் எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சும், தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும், அப்புறம் செலவு எஞ்சினையே இறக்கி ஏற்றுகிற அளவுக்குப் போகும். எஞ்சின் ப்ரொடெக்ட் கவர் தனியாக எடுக்கவில்லையென்றால் இன்சூரன்ஸிலும் பொதுவாக இது வராது. அதனால் இந்த ஊருக்கு என் ஓட்டு இரண்டாவது வழிக்கு: ஃபில்டர் பழைய ஏர்பாக்ஸ் இருந்த உயரத்திலேயே இருக்கட்டும், எஞ்சின் பக்கம் தடுப்பாக ஒரு ஹீட் ஷீல்டு, கிரில்லிலிருந்து காற்று கொண்டுவர ஒரு குழாய். பானெட்டை மூடும்போது ஷீல்டின் மேல் ரப்பர் விளிம்பு பானெட்டின் அடியில் படிய வேண்டும். படியவில்லையென்றால் ஷீல்டு பெயருக்குத்தான்.

சட்டத்தையும் ஒரு வரி பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 182A பிரிவின்படி 5,000 ரூபாய் அபராதம் விழலாம். ஆறு மாதம் வரை சிறைக்கும் அந்த 182A பிரிவில் இடம் இருக்கிறது. வாரண்டி பாக்கி இருக்கிற காரில் எஞ்சினில் ஏதாவது கோளாறு என்றால் சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். யோசித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை வாங்குவதற்கு முன் சென்சாரைக் கண்டுபிடியுங்கள். ஏர்பாக்ஸை ஒட்டிய குழாயில் வயரோடு ஒரு சென்சார் செருகியிருக்கும். அது உள்ளே வரும் காற்றின் அளவையே அளக்கிற எம்.ஏ.எஃப். சென்சார் என்றால், புதுக் குழாயில் அந்த இடத்தின் உள்விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். குழாய் பெரிதானால் காற்றின் வேகம் குறையும், சென்சார் காற்று குறைவு என்று நினைத்துக்கொள்ளும், பெட்ரோலும் குறைவாகப் போகும், எஞ்சின் லீனாக ஓடும். மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில்) காற்றின் அழுத்தத்தை அளக்கிற எம்.ஏ.பி. சென்சார் இருக்கிற கார்களில் இந்தத் தலைவலி இல்லை, குழாயில் இருப்பது வெறும் வெப்ப சென்சாராக இருக்கும், அதை மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றினால் போதும். “எல்லா காருக்கும் பொருந்தும்” என்று எழுதியிருக்கும் பெட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு வருவோம். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வது உத்தமம். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சென்சாரின் சாக்கெட்டில் லாக்கை அமுக்கிப் பிடித்து பிளாஸ்டிக்கைப் பற்றி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுத்தால் அந்துவிடும். அப்புறம் டாப்பட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடியிலிருந்து) எண்ணெய் ஆவியை இன்டேக் குழாய்க்குக் கொண்டுவருகிற ப்ரீதர் ஹோஸ், அதற்குப் பிறகு எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பக்கத்து கிளாம்ப், கடைசியில் ஏர்பாக்ஸின் போல்ட்டுகள். சிலவற்றில் பாக்ஸ் அடியில் ரப்பர் புஷ்ஷில் செருகியிருக்கும், நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். த்ராட்டில் பாடியின் வாய் தெரிந்த அந்த நிமிடமே நூல் பிரியாத சுத்தமான துணியை அதில் அடைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு வாசர் விழுந்தால் அன்றைய நாள் அதோடு போயிற்று.

சென்சாரைப் புதுக் குழாயில் வைக்கும்போது அதன் மேல் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள், ஃபில்டரிலிருந்து எஞ்சின் பக்கம் காட்ட வேண்டும். முதலில் எல்லா கிளாம்ப்பையும் லூஸாக வைத்து, குழாயைத் திருப்பித் திருப்பி இடம் பார்த்து, பிறகு த்ராட்டில் பக்கத்திலிருந்து இறுக்கிக்கொண்டு வாருங்கள். எஞ்சின் அதன் மவுண்டில் ஆடும் என்பதால் குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடைவெளி வேண்டும். முக்கியமாக பேட்டரியின் பாசிட்டிவ் பக்கம், அலுமினியக் குழாய் அங்கே உரசினால் ஷார்ட்தான். கிளாம்ப்பை சிலிக்கான் பிதுங்கும் வரை முறுக்க வேண்டாம், சில கார்களில் த்ராட்டில் பாடியின் கழுத்து பிளாஸ்டிக். உள்ளே அடைத்த துணியை எடுத்தாயிற்றா என்று இறுக்குவதற்கு முன் இன்னொரு தரம் பாருங்கள்.

ப்ரீதர் ஹோஸை அப்படியே விட்டுவிட்டு அதன் முனையில் ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகிக் கொடுப்பது சில மெக்கானிக் அண்ணாக்களின் பழக்கம். ஒத்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய் ஆவி பானெட்டுக்குள் படியும், எம்.ஏ.எஃப். காரில் அளக்கப்படாத காற்று அந்த வழியாக உள்ளே போகும். குழாயில் அதற்கான மூக்கு இருக்கிற கிட்டையே வாங்குங்கள்.

நெகட்டிவை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். முதலில் கொஞ்சம் தடுமாறும், எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஒரு அடி நீள ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் கொண்டுபோனால், ஃபேனில் படாமல் கவனமாக, எங்கே ‘உஸ்’ என்று இழுக்கிறது என்பது துல்லியமாகக் கேட்கும். அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழே, ஈ.சி.யூ. தகவலைப் படித்துக் காட்டும் ஓ.பி.டி. அடாப்டரைச் செருகி போனில் இரண்டு எண்களைப் பாருங்கள். ஃப்யூயல் ட்ரிம், அதாவது ஈ.சி.யூ. பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு, 10 சதவீதத்துக்கு மேல் ப்ளஸ்ஸில் நின்றால் எங்கோ காற்று கசிகிறது, இல்லையென்றால் குழாயின் விட்டம் பொருந்தவில்லை. அது இன்னும் ஏறினால் செக் எஞ்சின் லைட் எரிந்து, லீனாக ஓடுகிறது என்பதற்கான P0171 என்ற கோடைக் காட்டலாம். இன்னொன்று இன்டேக் வெப்பநிலை. வெளியே 28 டிகிரி இருக்கும்போது ஓடுகிற காரில் அது 35ஐ ஒட்டி இருந்தால் நல்லது, சிக்னலில் ஏறிவிட்டு வண்டி நகர்ந்ததும் சீக்கிரம் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்க மறுத்தால் ஷீல்டில் ஓட்டை இருக்கிறது. பழைய பாக்ஸோடு இதே எண்ணை மாட்டுவதற்கு முன்பே பார்த்து எழுதி வைத்திருந்தால் ஒப்பிட வசதி.

பருத்தி ஃபில்டர் என்றால் அதைக் கழுவி எண்ணெய் விட வேண்டும், மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டில் தினமும் ஓடுகிறவர்கள் பெட்டியில் போட்ட கணக்கைவிட முன்னதாகவே. கம்ப்ரஸர் காற்று அடித்தால் இழை கிழியும். எண்ணெயை சொட்டச் சொட்ட விட்டால் அது போய் எம்.ஏ.எஃப். கம்பியில் படியும், அதற்கென்று விற்கிற க்ளீனர் ஸ்ப்ரேயால்தான் அதைத் துடைக்க முடியும், கார்புரேட்டர் க்ளீனர் கிட்டவே போகக் கூடாது. பழைய ஏர்பாக்ஸை போல்ட்டுகளோடு ஒரு கவரில் கட்டி லாஃப்டில் போட்டுவையுங்கள், வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். ஃபெண்டருக்குள்தான் வைப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் மழைக்காலம் தொடங்கியதும் அந்தப் பழைய ஏர்பாக்ஸை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்வது நல்லது.