மேசைக்கணினி வேகம் குன்றாமலிருக்க வட்டுப் பராமரிப்பு

மதுரையின் வீதிகளை அறிந்தவருக்கு ஹார்டு டிஸ்க்கின் உள்ளமைப்பை விளக்குவது எளிது. மீனாட்சியம்மன் கோயிலைச் சித்திரை வீதியும், அதைச் சுற்றி ஆவணி மூல வீதியும், பின்னர் மாசி வீதியும் வெளி வீதியும் சூழ்ந்திருப்பதைப் போல, ஹார்டு டிஸ்க்கின் தகட்டில் தரவுகள் ஒன்றையொன்று சூழ்ந்த தடங்களில் எழுதப்படுகின்றன. ஒரு திருமண ஆல்பத்தின் கோப்பில் ஒரு துண்டு மாசி வீதியிலும் மறு துண்டு வெளி வீதியிலும் கிடந்தால், அதைத் திறக்கும்போது படிக்கும் முனை இரண்டு இடங்களுக்கும் அலைய வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தகடு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. முனை இடம் மாறுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. எனவே ஆயிரம் துண்டுகளாகச் சிதறிய கோப்பைத் திறப்பதற்குள் பத்து விநாடிக்கு மேல் அலைச்சலிலேயே கழிந்துவிடும்.

இந்த அலைச்சல் சுழலும் தகடு உள்ள ஹார்டு டிஸ்க்குக்கு மட்டுமே உரியது. நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுழலும் தகடும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆகையால் எந்தப் பராமரிப்பையும் தொடங்குமுன் உங்கள் கணினியில் இருப்பது எது என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் ஸ்டார்ட் மெனுவில் 'டிஃப்ராக்மென்ட்' என்று தேடினால் திறக்கும் சாளரத்தில், ஒவ்வொரு டிரைவின் பெயருக்கு எதிரிலும் அதன் வகை குறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது நகலெடுத்தல். டிடிபி நிலையங்களிலும் போட்டோ ஸ்டுடியோக்களிலும் பலர் இதைத் தள்ளிப்போடுவதை நான் வருத்தத்துடன் பார்த்துவருகிறேன். ஒருமுறை பதிவான தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க இயலாது. பழுதடையத் தொடங்கிய வட்டில் நாள் முழுதும் படித்து எழுதும் பராமரிப்பு வேலையைச் செய்தால், எஞ்சியிருக்கும் ஆயுளும் அதிலேயே தீர்ந்துவிடலாம். கணினிப் பெட்டியிலிருந்து 'டிக், டிக்' என்று சீராக ஒலி கேட்டாலோ, ஒரே கோப்பு மீண்டும் மீண்டும் திறக்க மறுத்தாலோ, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வேலைக் கோப்புகளை வெளிப்புற வட்டு ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள்.

நகல் பத்திரமான பிறகு இடத்தைக் காலி செய்யலாம். விண்டோஸின் டிஸ்க் கிளீனப் கருவியைத் திறந்து சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்னும் பொத்தானையும் அழுத்தினால், பழைய அப்டேட் எச்சங்களும் தற்காலிகக் கோப்புகளும் பட்டியலில் வரும். இவற்றை நீக்கலாம். பட்டியலில் டவுன்லோட்ஸ் இருந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு குறியிட வேண்டாம். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படங்களும் அழைப்பிதழ் வாசகங்களும் பெரும்பாலும் அந்த ஃபோல்டரில்தான் கிடக்கும். அதை நீங்களே திறந்து, அளவு வாரியாக அடுக்கி, தேவையற்றவற்றை மட்டும் நீக்குவதே பாதுகாப்பு. துண்டுகளை ஒழுங்குபடுத்தும் கருவி முழுமையாக வேலை செய்ய டிரைவில் 15 விழுக்காடு இடமாவது காலியாக இருப்பது நல்லது. 500 ஜிபி என்று விற்கப்படும் வட்டை விண்டோஸ் ஏறத்தாழ 465 ஜிபி என்று காட்டும். ஆகவே, அது முழுவதும் ஒரே டிரைவாக இருந்தால், சுமார் 70 ஜிபி காலியாக இருக்கட்டும்.

அதன்பின் பிழை சோதனை. டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்டீஸில் டூல்ஸ் பகுதிக்குச் சென்று, 'செக்' பொத்தானை அழுத்தினால் போதும்.

பிழை இல்லையென்று தெரிந்த பிறகே டிஃப்ராக், அதாவது சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலையைச் செய்ய வேண்டும். முதலில் கண்ட அதே சாளரத்தில் ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'ஆப்டிமைஸ்' கொடுங்கள். பெரிய வட்டு நெடுநாள் கவனிக்கப்படாமல் இருந்திருந்தால் பல மணி நேரம் ஆகும் என்பதால், கடை அடைக்கும் நேரத்தில் தொடங்குவது வசதி. இடையில் மின்சாரம் போவது வட்டுக்கு நல்லதல்ல. உங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை அறிவிக்கப்பட்ட நாளைத் தவிர்ப்பதும், யுபிஎஸ் பாட்டரியின் நிலையை முன்கூட்டியே பார்த்துவைப்பதும் அவசியம். எஸ்எஸ்டிக்கு அதே பொத்தானை அழுத்தினால், நீக்கப்பட்ட கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் என்னும் வேலையை விண்டோஸ் செய்கிறது; அது சிறிது நேரத்தில் முடிந்துவிடும். எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்வதாகச் சொல்லும் வெளி மென்பொருள்களை நிறுவாதீர்கள். எஸ்எஸ்டியின் நினைவகச் செல்கள் ஓர் அளவு வரையே எழுதுதலைத் தாங்கும் என்பதால், வீணாக எழுதப்படும் ஒவ்வொன்றும் அதன் ஆயுளிலிருந்து கழிகிறது.

விண்டோஸ் இந்த ஒழுங்குபடுத்தலை வாரம் ஒருமுறை தானாகச் செய்யும் வகையிலேயே அமைந்திருக்கிறது. ஆனால், வேலை முடிந்தவுடன் அணைக்கப்படும் கடைக் கணினியில் அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. மாதம் ஒருநாள் மேற்சொன்ன சாளரத்தைத் திறந்து, கடைசியாக எப்போது செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள். தேதி பழையதாக இருந்தால் நீங்களே தொடங்கிவிடுங்கள். கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன் கணினிப் பெட்டியைத் திறந்து, விசிறியில் அடைந்த தூசியையும் நீக்கிவிடுவது நல்லது. வெப்பம் வட்டின் ஆயுளைக் குறைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் கணினி தொடங்கச் சில நிமிடங்கள் ஆகிறதென்றால், சி டிரைவை மட்டும் எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொண்டு, நல்ல நிலையில் உள்ள பழைய ஹார்டு டிஸ்க்கைப் படங்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம்.