விம் கேட்கிறதா, சும்மா சொல்கிறதா? கடைசி வரியைப் படிக்கப் பழகுவோம்

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குப் புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் திரையின் கடைசி வரியில்தான். அங்கே வருவது சில சமயம் கேள்வி. பதில் கிடைக்கும்வரை எடிட்டர் நகராது. சில சமயம் வெறும் செய்தி. எடிட்டர் அதைச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பியிருக்கும், எழுத்து மட்டும் அழியாமல் கிடக்கும். இரண்டும் ஒரே இடத்தில் வருவதுதான் குழப்பம்.

கட்டளைகளை வாயால் சொல்வது போலவே கீழே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். விம்முக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு.

படி 1: முதலில் ஒரு மறுப்பு

டெர்மினலில் விம் என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு புதிய ஃபைல் பெயரைக் கொடுங்கள். ஐ அழுத்தி இரண்டு மூன்று வரி எழுதுங்கள். எஸ்கேப். அப்புறம் கோலன் (:), க்யூ, என்டர்.

கீழே இ37 என்று தொடங்கும் பிழைச்செய்தி வரும். கடைசி மாற்றத்தைச் சேமிக்கவில்லை, மீறி வெளியேற வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி சேர்க்கவும் என்கிறது. இது கேள்வி இல்லை. கர்சரைப் பாருங்கள், அது ஏற்கெனவே ஃபைலுக்குள் போய்விட்டது.

இதைக் கேள்வி என்று நினைத்து ஒய் தட்டுபவர்கள் நிறையப் பேர். விம்மில் ஒய் என்றால் 'காப்பி எடு'. எதை எடுக்க வேண்டும் என்று அடுத்த கீக்காக அது காத்துக்கொண்டிருக்கும். திரையில் ஒன்றுமே நடக்காது. எஸ்கேப் தட்டினால் விட்டுவிடும்.

படி 2: கேட்க வையுங்கள்

கோலன், கன்ஃபர்ம், இடைவெளி, க்யூ, என்டர். இப்போது நிஜமாகவே கேட்கும்: சேமிக்கவா? ஒய் என்றால் ஆம், என் என்றால் வேண்டாம், சி என்றால் ரத்து. கீயைத் தட்டியதுமே காரியம் முடிந்துவிடும், என்டர் தேவையில்லை. வெறும் என்டர் தட்டினால் சதுர அடைப்புக்குள் இருக்கும் பதிலை எடுத்துக்கொள்ளும். இப்போதைக்கு சி கொடுத்து உள்ளேயே இருங்கள்.

எப்போதும் இப்படியே கேட்க வேண்டுமா? செட் கன்ஃபர்ம் என்ற ஒரு வரியை விம்மின் அமைப்பு ஃபைலில் போட்டுவிடுங்கள். புதியவர்கள் எல்லோருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

படி 3: பழைய செய்தியை நம்பாதீர்கள்

கோலன், டபிள்யூ, என்டர். இத்தனை வரி, இத்தனை பைட் எழுதியாயிற்று என்று கீழே வரும். இப்போது எக்ஸ் தட்டி ஓர் எழுத்தை அழியுங்கள். ஃபைல் மாறிவிட்டது, ஆனால் 'எழுதியாயிற்று' அங்கேயே இருக்கிறது! அது சேமித்த நொடியின் செய்தி. இப்போதைய நிலை தெரிய வேண்டுமென்றால் கன்ட்ரோல் ஜி தட்டுங்கள். மாற்றம் சேமிக்கப்படாமல் இருந்தால் சொல்லிவிடும். மிச்சம் கிடக்கும் எழுத்தைத் துடைக்க, கன்ட்ரோல் எல்.

படி 4: என்டர் கேட்கும் வரி

கோலன், எல், எஸ், என்டர். திறந்திருக்கும் ஃபைல்களின் பட்டியல் வரும். அது ஒரு வரிக்குள் அடங்காததால், படித்துவிட்டீர்களா என்பது போல என்டர் தட்டச் சொல்லி நிற்கும். என்டரோ ஸ்பேஸ்பாரோ மட்டும் தட்டுங்கள். 'ஏதோ ஒரு கீ' என்று எக்ஸைத் தட்டினால் அது கட்டளையாகவே ஓடி, இன்னோர் எழுத்து போய்விடும். அவசரத்தில் படிக்காமல் விட்ட செய்திகளைத் திரும்பப் பார்க்க கோலன், மெசேஜஸ்.

படி 5: நின்று படிக்க வேண்டிய ஒன்று

இ325 என்று தொடங்கும் நீண்ட எச்சரிக்கை வந்தால் கை தானாக என்டருக்குப் போக வேண்டாம். அதே ஃபைலுக்கு ஸ்வாப் ஃபைல் (சேமிக்காத மாற்றங்களை விம் தற்காலிகமாக எழுதி வைக்கும் ஃபைல்) ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். வேறொரு ஜன்னலில் அது திறந்திருந்தால் க்யூ கொடுத்து வெளியே வந்து அங்கேயே எழுதுங்கள். கரண்ட் போய் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் ஆர் கொடுத்து மீட்டெடுங்கள். மீட்டதைச் சரிபார்த்துச் சேமித்த பிறகு ஸ்வாப் ஃபைலை நீங்களேதான் அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அடுத்த தடவை திறக்கும்போதும் இதே கேள்வி வரும்.