மெல்லிய அலுமினியத் தகட்டைச் சிஎன்சி மேசையில் அசையாமல் பிடித்த விதம்

திருகோணமலையில் சிஎன்சி எனப்படும், கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தால் படகுகளுக்கான பெயர்த்தகடுகளை 1 மில்லிமீற்றர் அலுமினியத்தில் வெட்டியபோது, ஓரங்களைக் கிளாம்பால் இறுக்கியிருந்தும், சுழன்று வெட்டும் சுருள்வடிவ அலகு தகட்டின் நடுப்பகுதியை மேலே இழுத்து அதிர வைத்ததால், எழுத்துகளின் விளிம்புகள் பிசிறடித்தன.

தகட்டின் அடிப்புறத்தை அசிற்றோனால் துடைத்து, அதிலும் மேசையின் எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையிலும் மாஸ்கிங் டேப்பை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவாறு ஒட்டி, இரு டேப்புகளுக்கும் இடையே சுப்பர் குளூவைக் கோடுகளாக இட்டு, பாரம் வைத்து அழுத்தியதும் தகடு முழுப்பரப்பிலும் பிடித்துக்கொண்டது. கடற்காற்றின் ஈரத்தில் எம்.டி.எஃப் உப்புவதால், ஒட்டுவதற்கு முன் பலகையை இயந்திரத்தாலேயே சீவிச் சமப்படுத்துவது இங்கே தவிர்க்க முடியாத வேலை.

சூடேறினால் பசை இளகிவிடும். ஆகவே ஒற்றை வெட்டுவிளிம்புள்ள 2 மில்லிமீற்றர் அலகால், வெட்டுப்பாதையை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் 0.2 மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே இறக்கி, சில்லுகளைக் காற்றால் ஊதி அகற்றியபடி வெட்டுகிறேன். முடிந்தபின் தகட்டைச் சற்றுச் சூடாக்கி, புட்டி பூசப் பயன்படும் வளையக்கூடிய கத்தியை ஓரத்தில் நுழைத்தால், எழுத்துகள் நெளியாமல் கழன்று வருகின்றன.