அமெரிக்க அதிபரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜனவரி 21 காலை. வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் என் மேசையில் வைத்த பிரதியின் தலைப்பு இது: ‘பிறப்புக் குடியுரிமை ரத்து: டிரம்ப் அவசரச் சட்டம்’. படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அதே தவறை நானும் செய்திருக்கிறேன்.

2012 ஜூனில், சிறுவயதில் அமெரிக்கா வந்து ஆவணமின்றித் தங்கிவிட்டவர்களை நாடு கடத்துவதை ஒபாமா அரசு தள்ளிவைத்தது. ‘குடியுரிமை வழங்கப் புதிய சட்டம்’ என்று நான் எழுதினேன். அதில் குடியுரிமையும் இல்லை, சட்டமும் இல்லை. அது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் வெறும் குறிப்பாணை. மறுநாள் ஒரு தந்தை தொலைபேசியில் அழைத்து, “என் பையனுக்கும் கிடைக்குமா சார்?” என்று கேட்டார். கிடைக்காது என்பதை நான்தான் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பெயர்களைப் பிழையாக எழுதுவது, கட்சியை மாற்றி எழுதுவது போன்றவற்றை மெய்ப்பு பார்ப்பவரே திருத்திவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிர்வாக ஆணையை அவசரச் சட்டம் என்பது

இந்தத் தவறு நம் ஊர்ப் பழக்கத்திலிருந்து வருகிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூட்டம் திரண்டபோது ஆளுநர் பிறப்பித்தது அவசரச் சட்டம். சட்டமன்றம் கூடாத நேரத்தில் வந்தாலும் அதற்குச் சட்டத்தின் முழு வலு உண்டு. அந்த நினைவோடு வாஷிங்டனைப் பார்க்கிறோம். ஆனால் அமெரிக்க அரசமைப்பு தன் அதிபருக்கு அப்படியோர் அதிகாரத்தைத் தரவே இல்லை. அங்கே சட்டம் இயற்றுவது காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றம். அதிபரின் நிர்வாக ஆணை அவருக்குக் கீழுள்ள துறைகளுக்கு இடும் கட்டளை. அரசமைப்போ காங்கிரஸ் இயற்றிய ஒரு சட்டமோ இடம் கொடுத்தால்தான் அது நிற்கும்.

முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனின் இரண்டு ஆணைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1948இல், ராணுவத்தில் கறுப்பினத்தவரைப் பிரித்துவைக்கும் வழக்கத்துக்கு முடிவுகட்ட ஆணையிட்டார். படைகளின் தலைமைத் தளபதி அவர்தான், ஆணை நின்றது. 1952 ஏப்ரலில், கொரியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானார்கள். போர்முனைக்கு ஆயுதம் குறைந்துவிடும் என்று சொல்லி, ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். எந்தச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது? அவரால் ஒன்றையும் காட்ட முடியவில்லை. அன்றைய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளுமே ட்ரூமனோ அவருக்கு முன்பிருந்த ரூஸ்வெல்ட்டோ நியமித்தவர்கள். ஆனாலும் ஜூன் 2 அன்று ஆறு பேர், ஆணை செல்லாது என்றார்கள். ஆலைகள் உரிமையாளர்களிடம் திரும்பின.

அதற்காக ஆணை என்றால் வெறும் காகிதம் என்று நினைத்துவிடவும் கூடாது. 1942இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணைதான், சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க வழிசெய்தது. அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள்.

தம்பியை டிரம்ப்பின் ஆணையை அச்செடுத்து வரச் சொன்னேன். எந்த அதிகாரத்தின் பேரில் பிறப்பிக்கப்படுகிறது என்பது தொடக்க வரியிலேயே இருக்கும். அங்கே விரல் வைத்துப் படித்தோம். 30 நாட்களுக்குப் பிறகு பிறக்கும் குழந்தைகளுக்கே பொருந்தும் என்பது உள்ளே இருந்தது. அந்நாட்டில் பிறந்தாலே கிடைக்கும் பிறப்புக் குடியுரிமையோ 1868இல் வந்த 14ஆம் திருத்தத்தில், அரசமைப்பிலேயே இருக்கிறது. ‘ரத்து’, ‘அவசரச் சட்டம்’ இரண்டையும் அடித்துவிட்டு, ‘கட்டுப்படுத்த ஆணை’ என்று மாற்றினோம். இரண்டே நாளில் சியாட்டில் நீதிபதி ஒருவர் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். நிறைமாத மகளை நியூஜெர்சியில் விட்டுவிட்டுத் திருச்சியில் தவிக்கும் தாய் நம் தலைப்பைத்தான் முதலில் படிப்பார்.

‘பதவி நீக்கம்’

‘இம்பீச்மென்ட்’ என்று காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றுவது குற்றச்சாட்டு மட்டுமே. நீக்க வேண்டுமானால் மற்றோர் அவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சன் ஒரே வாக்கில் தப்பினார். கிளின்டனும் நீக்கப்படவில்லை. நிக்சன், சபை வாக்கெடுப்புக்கு முன்பே ராஜினாமா செய்தவர்.

‘அதிபர் போர்ப் பிரகடனம்’

அந்த அதிகாரம் காங்கிரஸுடையது. அது கடைசியாகப் பிரகடனம் செய்தது 1942இல். அதிபர் ‘தாக்குதலுக்கு உத்தரவிட்டார்’ என்று எழுதுங்கள்.

மன்னிப்பு

அதிபர் மன்னிப்பு வழங்க முடிவது கூட்டாட்சிச் சட்டக் குற்றங்களுக்கு மட்டும். மாநில நீதிமன்றத் தண்டனையில் அவர் கைவைக்க முடியாது.

நான்கு முறை வென்ற ரூஸ்வெல்ட்

அவர் விதியை மீறவில்லை. இரண்டு முறை என்பது அதுவரை முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்து வந்த மரபு. அதை விதியாக்கிய 22ஆம் திருத்தம் வந்தது 1951இல், அவர் இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு.