எந்தச் செந்தில்குமார்?

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். சிரித்த முகமாக இரு என்று புதிதாக வரும் பெண்களுக்கு எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் பெயர் எழுதுவதிலிருந்து தொடங்குவேன்.

எங்கள் வாடிக்கையாளர்களில் செந்தில்குமார் மட்டும் மூன்று பேர். "செந்தில்குமார் கூப்பிட்டார்" என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்தேன், சேர்ந்த புதிதில். கிரைண்டர் செய்பவருக்குப் போகவேண்டிய பதில் நூல் வியாபாரிக்குப் போய்விட்டது. அன்று வாங்கிய திட்டு மறக்கவில்லை. ஆகவே இனிஷியல், தொழில், ஊர், பேசிய நேரம், திரும்ப அழைக்க எண் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எண்ணை ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். "மாதாமாதம் பேசுகிறேனே அம்மணி, என்னைத் தெரியாதா?" என்று சலித்துக்கொள்வார்கள். சலிக்கட்டும்.

ஜி.எஸ்.டி. கணக்குக்காக மாதத்தில் 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டியும், வருமான வரிக்காக ஜூலைக் கடைசி வாரத்திலும் போன் ஓயாது. மணி அடிக்கும்போதே ஒருவர் எதிரே வந்து நின்றால், முதலில் அவரைப் பார்த்து நாற்காலியைக் காட்டுங்கள். பிறகு போனை எடுங்கள். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவரை நிற்கவைத்துவிட்டுப் போனில் குழைந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

"இதோ, ஐந்து நிமிடம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். உள்ளே வரித்துறை நோட்டீஸ் விஷயம் ஓடினால் முக்கால் மணி நேரம் ஆகும். அதை அப்படியே சொன்னால், கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

வருகைப் பதிவேட்டைத் திறந்து போடாதீர்கள். எதிரெதிர்க் கடைக்காரர்கள் இருவருமே எங்களிடம் கணக்குக் கொடுக்கிறார்கள். மேல் வரியைப் படித்துவிட்டு, "அவர் எதற்கு வந்தார்?" என்று என்னிடமே கேட்டவர் உண்டு. இப்போது ஓர் அட்டையால் மறைத்துத்தான் நீட்டுகிறேன்.

ஸ்பீட் போஸ்டில் வரும் உறையைக் கிழித்து எறியாதீர்கள். வந்த தேதியை அதன்மேல் எழுதி, கடிதத்தோடு பின் அடித்து வையுங்கள். வருமான வரி ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள் என்றால், அது கையில் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது. ஆணை தபாலில் வந்திருந்தால், அந்த நாளுக்கு உறைதான் சாட்சி.

சாப்பிடப் போனாலும் போனை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். எங்களிடம் ஜெராக்ஸ் எடுக்கும் தம்பி பார்த்துக்கொள்கிறான். அவனும் இப்போது இனிஷியல் கேட்கிறான்.