அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள்

லண்டனுக்கு வந்த புதிதில் எல்லோரும் விசாரிப்பது தடித்த கோட் எங்கே மலிவு என்றுதான். வீடு எதனால் சூடாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. வாடகைக்கு வீடு பார்க்கப் போகும்போதே அதையும் பார்த்துவிடுங்கள்.

சமையலறை அலமாரிக்குள் வெள்ளைப் பெட்டி ஒன்று தொங்கினால் அது அநேகமாகக் கேஸ் காம்பி பாய்லர். ரேடியேட்டருக்கும் குளியலுக்கும் அதிலிருந்தே வெந்நீர் வரும். பெட்டி எதுவும் இல்லாமல் சுவரோரம் கனத்த மின் ஹீட்டர்கள் நின்றால் அவை பெரும்பாலும் ஸ்டோரேஜ் ஹீட்டர்கள். இரவில் உள்ளேயிருக்கும் செங்கல்லைச் சூடாக்கி வைத்துக்கொண்டு பகலில் அந்தச் சூட்டை வெளியே விடும். எகானமி 7 போன்ற இரவுச் சலுகைக் கட்டணம் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும். இரவில் எவ்வளவு சூடு சேர வேண்டும், பகலில் எவ்வளவு வெளியே வர வேண்டும் என்று வைக்கும் இதன் இரண்டு திருகுகளும் புரியாமல், மாலையில் குளிர்கிறதே என்று 2 கிலோவாட் ஃபேன் ஹீட்டரைச் செருகி வைப்பவர்கள் உண்டு. அது மணிக்கு 2 யூனிட் தின்னும். இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு யூனிட் கேஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பில் வரும்போது தெரியும்.

வாடகை வீட்டில் கேஸ் இருந்தால், வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை அதைப் பரிசோதிக்க வைத்து, அந்தச் சான்றின் நகலை நீங்கள் குடிபோகும் முன் தர வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருப்பதும் 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் கட்டாயம். நம் ஊர்க்காரர் வீடு, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

சொந்த வீடு வாங்கியபோது நான் பட்டதையும் சொல்கிறேன். பழைய பாய்லரை மாற்ற, நண்பரின் நண்பர் ஒருவரை அழைத்தேன். "நம்ம ஆளுதான், ரொக்கமாகக் கொடுத்தால் குறைத்துத் தருவார்" என்றார்கள். பெயர்பெற்ற பிராண்ட், பத்தாண்டு வாரண்டி, ஒரே நாளில் வேலை முடிந்தது. ஜனவரியில் ஒரு காலை, பாய்லர் கொடகொடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. பாய்லருக்குள் நீராவி குளிர்ந்து சேரும் தண்ணீரை வெளியேற்றும் கழிவுக் குழாய் வெளிச்சுவரில் உறைந்துபோயிருந்தது. சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெறுங்குழாய், மேலே உறைகூட இல்லை. வெளியே போகும் குழாய் 32 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், அதற்கு உறையும் போட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தேன். கையேட்டை எடுத்துப் பார்த்தால், பொருத்தியவர் நிரப்ப வேண்டிய பக்கங்கள் அப்படியே வெள்ளையாக இருந்தன. அவற்றை நிரப்பாவிட்டால் வாரண்டி கேட்டு நிற்க முடியாது. கட்டட விதிச் சான்றிதழும் வரவில்லை. வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் முதலில் கேட்பவற்றில் அதுவும் ஒன்று.

பாய்லரின் குறை அல்ல அது, கையின் குறை. ஆகவே பிராண்டை அலசும் நேரத்தில் பாதியை ஆளை அலசச் செலவிடுங்கள். கேஸ் வேலை செய்பவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாசலிலேயே அந்தப் பதிவேட்டின் அடையாள அட்டையைக் கேளுங்கள். முன்பக்கத்தில் படமும் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பின்பக்கம்தான் முக்கியம்: எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். அடுப்புக்கு மட்டும் தகுதியுள்ளவர் பாய்லரைத் தொடக் கூடாது. நல்ல வேலைக்காரர் இதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலையின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை என்றால், ஏமாற்றப்பட்டால் கார்டு நிறுவனத்திடமும் கேட்கலாம்.

பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப், அதாவது வெளியே உள்ள வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் இயந்திரம், போடலாமா என்று கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு மானியம் தருகிறது. இத்தகைய கருவிகளைப் பொருத்துபவர்களுக்கான எம்சிஎஸ் தரச் சான்று பெற்ற நிறுவனமே விண்ணப்பித்து, பில்லில் கழித்துக்கொள்ளும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும், ஆனால் சரியாகப் பொருத்தினால் மட்டும். அறை அறையாக அளந்து, ஜன்னலையும் ரேடியேட்டரையும் பார்த்து வெப்ப இழப்பைக் கணக்கிடாமல் ஒருவர் விலை சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆள் தேவையில்லை. ரேடியேட்டர் கீழே சுட்டு மேலே குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, சில பவுண்டுக்குக் கிடைக்கும் சின்னச் சாவியால் மேல்மூலைத் திருகை லேசாகத் திருப்புங்கள். உஸ்ஸென்று காற்று போய்த் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிடுங்கள். துணி ஒன்றைக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள், அந்தத் தண்ணீர் மை போலக் கறுப்பாக இருக்கும். அப்புறம் பாய்லரின் அழுத்தமானி 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்கிறதா என்று ஒரு பார்வை.