ஹார்ட்டெயிலா, ஃபுல் சஸ்பென்ஷனா?

முதல் மவுன்டன் பைக் வாங்கப் போகிறீர்களா? மண்சாலையும் நீண்ட ஏற்றமும்தான் அதிகம் என்றால் ஹார்ட்டெயிலே போதும். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் இருப்பதால் எடையும் பராமரிப்பும் குறைவு.

கல்லும் வேருமாக இறங்கும் பாதை என்றால் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் எடுங்கள். பின்சக்கரம் துள்ளாமல் தரையைப் பிடித்துக்கொள்ளும், இடுப்பும் தப்பிக்கும். ஷாக்கில் (பின்பக்கம் அதிர்வைத் தாங்கும் பகுதி) காற்றை உங்கள் எடைக்கேற்ப நிரப்புங்கள்: ஏறி உட்கார்ந்ததும் அது அமுங்கக்கூடிய மொத்தத் தூரத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கினால் சரி. பின்பக்க இணைப்புகளில் பேரிங்குகள் நிறைய. சேற்றில் ஓட்டினால் செலவு வைக்கும்.

அப்புறம், மலிவான ஃபுல் சஸ்பென்ஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். அதே பணத்துக்கு நல்ல ஃபோர்க்கும் (முன்பக்க சஸ்பென்ஷன்) டிஸ்க் பிரேக்கும் உள்ள ஹார்ட்டெயில் கிடைக்கும். ஃபிரேமில் இடமிருந்தால் 2.4 அங்குல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அதிர்வு நன்றாகவே அடங்கும்.